மூச்சுக்கு இடம்

போன வாரம் மாடம்பாக்கம் கோயிலில் என் தங்கை சுமதியின் மகனுக்குச் சோறு ஊட்டினோம். பயல் துப்பிவிட்டான். எல்லோரும் சிரித்தோம். சுமதி மட்டும் அவன் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள் – ஏறி இறங்குகிறதா என்று.

அந்தப் பழக்கம் அவளுக்கு எப்படி வந்தது?

போன வருஷம் அவளுக்கு ஏழாம் மாதம். மாப்பிள்ளை வெளியூரில். தாம்பரத்தில் ஸ்கேன் எடுக்க நான்தான் துணைக்குப் போனேன். டாக்டரம்மா ஸ்கிரீனையே வெகுநேரம் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசைத் தடுப்பு இருக்கும்மா. குழந்தைக்கு அதுல ஓட்டை. குடல் மேல ஏறிடுச்சு. நுரையீரல் வளர இடம் போதலை."

"பிழைக்குமா டாக்டர்?" நான்தான் கேட்டேன்.

"கல்லீரல் கீழயே இருக்கு. நுரையீரலும் ஓரளவு தெரியுது. ரெண்டும் நல்ல அடையாளம். ஆனா பொறந்து மூச்சு விடறப்பதான் நிஜம் தெரியும். இப்பவே என்னால உறுதி சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். முழுசாகச் சொல்ல முடியாத மெஷின் எதற்கு... பயமுறுத்தவா?

சுமதிதான் நிதானமாகப் பேசினாள். "தெரிஞ்சதே நல்லதுண்ணா. சிட்லபாக்கம் நர்சிங் ஹோம்லயே பிரசவம்னு இருந்தேன். அங்க பச்சக் குழந்தைக்கு ஆபரேஷன் பண்ண ஆள் ஏது?"

மாமியார் வளைகாப்பைத் தள்ளிப்போடச் சொன்னார். "ஏதாவது ஆயிட்டா அப்புறம் உனக்கு மனசு தாங்காதும்மா."

"இப்ப உசுரோட இருக்கே அத்தை. அதுக்குத்தானே வளையல் சத்தம்" என்றாள். இரண்டு கையும் நிறையப் போட்டுக்கொண்டாள்.

ஒன்பதாம் மாதமே சுமதியும் மாமியாரும் நகரத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கினார்கள். பிள்ளை நீலம் பாரித்துப் பிறந்தான். தயாராக நின்ற டாக்டர்கள் உடனே குழாய் செலுத்தி, மெஷினில் மூச்சு கொடுத்தார்கள். நிலைமை சீரானதும் ஆபரேஷன். குடலைக் கீழே இறக்கி, ஓட்டையைத் தைத்தார்கள்.

வாரக்கணக்கில் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். பக்கத்தில் அதே கோளாறோடு இன்னொரு குழந்தை. அதற்கும் ஸ்கேனில் நம்பிக்கை சொல்லியிருந்தார்களாம். ஒரு காலையில் அந்தப் படுக்கை காலியாக இருந்தது. சுமதி அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கேன் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. எங்கே போய்க் காத்திருக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னது. மற்றதெல்லாம் டாக்டர்கள் கையிலும், அவன் நுரையீரலிலும்...

வீடு திரும்பிய நாளன்று, ஜி.எஸ்.டி. ரோடு நெடுக டாக்சியில் வீறிட்டு அழுதுகொண்டே வந்தான்.

அழுகையை நிறுத்த எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.