ஏலக்காய் வண்டியின் கரகரப்பு

சாந்தன்பாறைக்கு மேலே இருந்த அந்த ஏலத்தோட்டத்தில் ஒரே ஒரு வண்டிதான். பின்பக்கம் திறந்த ஜீப் பிக்கப். அதை ஓட்டியவர் மொக்கையன். உத்தமபாளையம் பக்கத்திலிருந்து களை வெட்டும் வேலைக்கு மலையேறி வந்தவர், லாரியில் மூட்டை ஏற்றப் போய், அந்த லாரியையே ஓட்டப் பழகி, லைசன்ஸும் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு டிரைவராகத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அவர் கை அந்த ஸ்டீரிங்கை விட்டு விலகவில்லை.

காய்ந்த ஏலக்காய் மூட்டைகளை வண்டன்மேடு ஏலத்துக்குக் கொண்டு போவது வண்டியின் வேலை. ஆனால் தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து ஜனங்களுக்கு அது பஸ், அது ஆம்புலன்ஸ், கல்யாணம் காட்சிக்கு அதுதான் வாகனம். காய்ச்சல்காரர்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் போடிமெட்டு வழியாகப் போடி ஆஸ்பத்திரிக்கு இறக்கியது மொக்கையன்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பொறுக்காமல் வண்டியிலேயே பிறந்த பிள்ளைகள் இரண்டு பேர் லயத்தில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

எழுபத்துநாலாம் வருஷம் ஆவணியில் வண்டியில் ஒரு சத்தம் வந்தது. மலையிறங்கும்போது பின்னாலிருந்து, உரலுக்குள் சரளைக்கல்லைப் போட்டு ஆட்டுவதுபோல் ஒரு கரகரப்பு. பிரேக்கில் கால் வைக்கும் இடத்தில்தான் வருகிறது என்று மொக்கையன் கவனித்தார். போடியில் ஆசீர்வாதத்தின் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனார். ஆசீர்வாதம் கை சுத்தமான மெக்கானிக். பிரேக் லைனிங் தேய்ந்து ஆணி தெரிகிறது என்று புது லைனிங் போட்டார்.

காலி வண்டியாகத் திரும்பும்போது சத்தம் இல்லை. நாலாம் நாள் மூட்டை ஏற்றியதும் திரும்ப வந்துவிட்டது.

இரண்டாவது தடவை ஆசீர்வாதம் பிரேக் டிரம்மைக் கழற்றிக் கடைசலுக்குக் கொடுத்தார். ஸ்பிரிங்கை மாற்றினார். சத்தம் போகவில்லை. மூன்றாவது தடவை வண்டியை ஜாக்கியில் தூக்கி நாலு சக்கரத்தையும் கையால் சுழற்றிக் காதை வைத்துக் கேட்டார். கடைவீதியில் இரண்டு சுற்று ஓட்டியும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"எனக்குப் பிடிபடலண்ணே" என்று ஆசீர்வாதம் ஒத்துக்கொண்டார். "இங்க ஓட்டுனா பூனை மாதிரி இருக்கு. ஒங்க மலையில மட்டும் ஏன் கத்துதுன்னு தெரியல."

தோட்டத்து மேனேஜர் குருசாமி கேட்டது ஒரே கேள்வி. "பிரேக் பிடிக்குதா, இல்லையா?"

"பிடிக்குதுங்கய்யா."

"அப்புறம் என்ன? சத்தம்தான, கத்திட்டுப் போகட்டும். ஓட்டு."

"மூட்டை ஏத்துறேங்கய்யா. என்னன்னு தெரியிற வரைக்கும் ஆளு ஏத்த மாட்டேன்."

பன்னிரண்டு வருஷத்தில் மொக்கையன் மேனேஜரிடம் மறுத்துப் பேசியது அன்றைக்குத்தான். குருசாமி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆனால் லயத்து ஜனங்கள் அப்படி விடவில்லை. அந்த மாதமே போடியில் ஒரு கல்யாணம் வந்தது. பட்டுச்சேலையைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு மழையில் பூப்பாறை வரைக்கும் நடந்து போய் பஸ் பிடித்தார்கள் ஏழு பெண்கள். போகும்போதும் வரும்போதும் மொக்கையனைத் திட்டினார்கள். "மூட்டைக்கு ஒரு நியாயம், மனுசனுக்கு ஒரு நியாயமாம்" என்று குழாயடியில் அவர் மனைவி சந்தனத்தின் காது படவே பேசினார்கள். சந்தனம் வீட்டுக்கு வந்து அழுதாள். மொக்கையன் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். தான் வீம்பு பிடிக்கிறோமோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

கல்யாணம் முடிந்த இரண்டாம் நாள் மத்தியானம், வண்டிக் கொட்டகைக்கு மூக்கம்மாள் வந்தாள். ஸ்டோரில் ஏலக்காயைத் தரம் பிரிப்பவள். மழையில் நடந்த ஏழு பேரில் அவளும் ஒருத்தி. இவளும் நாலு வார்த்தை கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று மொக்கையன் எழுந்து நின்றார்.

"திட்டணும்னா திட்டிட்டுப் போ தாயி. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"திட்ட வரலண்ணே. அந்தச் சத்தம் எப்ப வருதுன்னு நீங்க மெக்கானிக்குகிட்டச் சொன்னீக?"

"பிரேக் போட்டா வருதுன்னேன்."

மூக்கம்மாள் தலையை ஆட்டினாள். "இல்லண்ணே. பிரேக்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வண்டி இடது பக்கம் ஒடிக்கிறப்பதான் கத்துது. வலது பக்கம் ஒடிச்சா கத்த மாட்டேங்குது."

மொக்கையன் அவளையே பார்த்தார். "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு மலையில தலை சுத்தும்ல. வாந்தி வரக்கூடாதுன்னு கண்ண மூடிக்கிட்டு, இது இடது, இது வலதுன்னு வளைவ எண்ணிக்கிட்டே வருவேன். வலது மூலையில, சக்கரத்துக்கு மேலதான் எப்பவும் ஒக்காருவேன். சத்தம் காதுல கேக்குறதுக்கு முந்தியே கால்ல குறுகுறுங்கும்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "ஏத்தத்துலயும் வருதுண்ணே. ஏறுறப்ப இஞ்சின் கத்துறதுல, முன்னாடி ஒக்காந்திருக்க ஒங்களுக்குக் கேக்காது."

மொக்கையன் அப்படியே மட்கார்டின்மேல் உட்கார்ந்துவிட்டார். ஏற்றத்தில் யார் பிரேக் போடுகிறார்கள்? இறக்கத்தில் வளைவு வந்தால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. வளைவும் பிரேக்கும் சேர்ந்தே வந்ததால், சத்தம் பிரேக்கில் என்று தானும் நினைத்து, ஆசீர்வாதத்தையும் நினைக்க வைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் மேனேஜரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கினார். உர மூட்டை எட்டு ஏற்றினார். மலைப்பாதைக்குப் போகவில்லை. தோட்டத்துக்குள்ளேயே, இரண்டு பக்கமும் மேடாக இருந்த ரோட்டில், ஓடுகிற ஆள் வேகத்துக்கு ஓட்டினார். மூக்கம்மாள் தன் பழைய மூலையில் உட்கார்ந்துகொண்டாள். சத்தம் வந்தால் கேபினைத் தட்ட வேண்டும் என்று பேச்சு.

முதல் இடது வளைவில் பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே திருப்பினார். பின்னால் டொக் டொக்கென்று தட்டு விழுந்தது. அடுத்த வலது வளைவில் வேண்டுமென்றே பிரேக்கை அழுத்தினார். தட்டு இல்லை. திரும்ப ஒரு இடது. டொக் டொக். மொக்கையன் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார்.

"ஒனக்கு நூறு ஆயுசு தாயி" என்றார்.

வண்டியைப் போடிக்கு இறக்க அவருக்கு மனசு வரவில்லை. ஆளனுப்பினார். ஆசீர்வாதம் சாமான் பையோடு பஸ்ஸில் மேலே வந்தார். நடந்ததைக் கேட்டதும் அவர் வேறெந்தச் சக்கரத்தையும் தொடவில்லை. பின்பக்கத்து வலது சக்கரத்தைக் கழற்றினார். பிரேக்கைப் பார்க்காமல் ஆக்சிலின் முனையைப் பிடித்து உள்ளே தள்ளினார், வெளியே இழுத்தார். ஒரு நெல்மணி அளவுக்கு அது போய் வந்தது.

"இம்புட்டு ஆடக்கூடாது" என்று முணுமுணுத்தார். டிரம்மைக் கழற்றியபோது, அதன் பின்னால் இருந்த தகட்டில் வெள்ளிக்காசு விளிம்புபோலப் பளபளவென்று ஒரு வட்டம். வண்டி இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் சக்கரம் உள்ளே நகர்ந்து, டிரம் அந்தத் தகட்டில் உரசியிருக்கிறது. பாரம் ஏறாமல், நேரான ரோட்டில் ஓட்டினால் ஏன் கேட்கவில்லை என்பதும் விளங்கிவிட்டது.

ஆக்சிலை வெளியே இழுத்தபோது பேரிங்கின் கூடு இரண்டாக உடைந்திருந்தது. உருளைகள் சில நசுங்கிக் கிடந்தன. ஆசீர்வாதம் அதைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

"மூணு தடவ வண்டி எங்கிட்ட வந்துச்சுண்ணே. மூணு தடவையும் பிரேக்கத்தான் பாத்தேன். ஆக்சிலப் பிடிச்சு ஆட்டிப் பாக்கணும்னு தோணல." உடைந்த பேரிங்கை மொக்கையன் கையில் கொடுத்தார். "இன்னும் நாலஞ்சு நடை போயிருந்தா, சக்கரம் ஆக்சிலோட கழண்டு வெளிய வந்திருக்கும்."

போடிமெட்டு இறக்கமும், பின்னால் பட்டுச்சேலையில் ஏழு பெண்களும் மொக்கையனின் கண்முன் வந்து நின்றார்கள்.

அன்று சாயங்காலம் வேலை விடும் நேரத்துக்கு அவர் ஸ்டோருக்குப் போனார். நாற்பது பெண்கள் எழுந்து கிளம்பிக்கொண்டிருந்தார்கள். மூக்கம்மாள் எதிரே போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். உடைந்த பேரிங்கை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்து, என்ன ஆகியிருக்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

"நம்ம அம்புட்டுப் பேர் உசுரையும் காப்பாத்தினது இவதான்."

மூக்கம்மாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "ஐயய்ய, கையக் கீழ போடுங்கண்ணே. நான் சத்தத்ததான் சொன்னேன். ஆளு ஏத்த மாட்டேன்னு நின்னது நீங்கதான. நீங்க ஏத்தியிருந்தா நான் சொல்றதுக்கு இருந்திருப்பனா?"

குழாயடியில் அதிகம் பேசிய பெண்தான் முதலில் அழுதாள். அடுத்த நாள் காலையில் சந்தனத்தின் குடம் நிரம்பும்வரை மற்றவர்கள் யாரும் தங்கள் குடத்தை வைக்கவில்லை. மேனேஜர் குருசாமி ஸ்டோருக்கு வந்து, "அந்தப் பிள்ளை எது?" என்று கேட்டு, மூக்கம்மாளைப் பார்த்து நல்லா இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஒருவரை நேரில் பாராட்டி அதுவரை யாரும் கேட்டதில்லை.

புதுப் பேரிங் மதுரையிலிருந்து வர ஒன்பது நாள் ஆனது. மாட்டியதும் ஆசீர்வாதமே உர மூட்டை ஏற்றி, இடதும் வலதுமாக ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டுத்தான் ஊருக்குப் பஸ் ஏறினார்.

தை மாதம் ஒரு விடியற்காலை, லயத்தில் குருவம்மாளுக்கு இடுப்பு வலி எடுத்தது. தலைப்பிள்ளை. மெத்தைபோல வைக்கோல் பரப்பி, இரண்டு பெண்களைத் துணைக்கு ஏற்றிக்கொண்டு மொக்கையன் மலையிறங்கினார். பனி விலகாத ரோட்டில் ஒவ்வொரு வளைவாக வண்டி திரும்பியது. குருவம்மாளின் முனகலும் பெண்கள் சொன்ன தைரியமும் தவிர அவர் காதில் வேறெதுவும் விழவில்லை. போடி ஆஸ்பத்திரியில் பத்து மணிக்குப் பிள்ளை பிறந்தது.

மத்தியானம் தோட்டத்துக்குத் திரும்பியவர் வண்டியைக் கொட்டகையில் விடவில்லை. நேராக ஸ்டோர் வாசலில் நிறுத்தி, ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மூக்கம்மா, பொண்ணு. தாயும் பிள்ளையும் சொகமா இருக்காக."

காயைப் பிரித்துக்கொண்டிருந்த மூக்கம்மாள் கையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.