தண்ணீர் குடித்த மிதவை

கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஃப்ளோரன்ஸ் பதினேழு வருஷமாகத் தையல் மிஷின் மிதித்தவள். அங்கே தைத்தது கடற்கரையில் உயிர்காக்கும் காவலர்கள் தோளில் மாட்டிக்கொண்டு நீந்தும் சிவப்பு மிதவைக் குழாய்கள். மூழ்குகிறவனின் நெஞ்சைச் சுற்றி அதைக் கட்டித்தான் கரைக்கு இழுத்து வருவார்கள். ஃப்ளோரன்ஸுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் எது மிதக்கும், எது மிதக்காது என்று விரலால் கிள்ளியே சொல்லிவிடுவாள். மனிதர்களையும் அப்படித்தான் கிள்ளிப் பார்ப்பாள், பெரும்பாலோர் தேறமாட்டார்கள்.

தேறாதவர்களில் முதல் ஆள் முதலாளி பாலகணேஷ். சட்டைப் பையில் நாலு பேனா. எழுதத் தெரிந்தது கையெழுத்து மட்டும். போன வருஷம் நாற்பது குழாய்களுக்கு அரசு ஆர்டர் வந்ததும், தண்ணீர் ஏறாத கெட்டி ஃபோமுக்குப் பதிலாக மெத்தைக்குப் போடும் மஞ்சள் ஸ்பாஞ்சை மூட்டை மூட்டையாக இறக்கினார்.

"இது இன்னா சார், கல்யாண மெத்தையா?"

"மேல ரெக்சின் போடுறோம்ல? தண்ணி எப்படி உள்ள போவும்?"

"நான் குத்துற ஊசி ஓட்டைல போவும். ஒரு குழாய்க்கு முந்நூறு குத்து குத்துறேன்."

"உன் வேல குத்துறது. குத்து."

குத்தினாள். தைத்து முடித்த இரண்டு வாரமும் தன்மேலேயே அவளுக்கு இளக்காரமாக இருந்தது.

சோதனை அதிகாரி வந்தார். வாசல் தொட்டியில் ஒரு குழாயைப் போட்டார்கள். அது ஜம்மென்று மிதந்தது. அதிகாரி கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் தண்ணீரைத் தொடவே இல்லை.

"மிதக்கும் சார், சும்மா போட்டா. ஆளு தொங்குனா?" என்று ஃப்ளோரன்ஸ் யாரையும் கேட்காமல் ஒரு சின்ன மணல் மூட்டையை அதில் கட்டித் தொங்கவிட்டாள். இருபதாவது நிமிஷம் குழாய் ஒரு பக்கம் சாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் மூட்டையோடு அடிக்குப் போய்ச் சேர்ந்தது.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "விதிப்படி பத்து நிமிஷம்தாம்மா. பத்து நிமிஷம் மிதந்துச்சே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

"பதினோராவது நிமிஷம் சாவுறவன் உங்க வூட்டு ஆளா இருந்தா இன்னா சார் பண்ணுவீங்க?"

பாலகணேஷ் கத்தினார்: "நாளையிலேர்ந்து வராதே!"

"நாளைக்கு எதுக்கு? இப்பவே போறேன்." தொட்டியில் கிடந்த குழாயையும் தூக்கிக்கொண்டாள். சட்டை நனையுமே என்று யாரும் பிடுங்க வரவில்லை.

காவலர்களிடம் காட்ட அவள் ஏறிய திருவொற்றியூர் பஸ் முழுக்க அது ஒழுகியது. கண்டக்டர், "இன்னாம்மா, வண்டிய கலீஜ் பண்ற?" என்றார்.

"கவர்மெண்டு பாஸ் பண்ண சரக்குய்யா. பாத்துத் தொடு."

கடற்கரையில் காவலர்களுக்கு மூத்தவன் மாசானம். நடந்ததைக் கேட்டுவிட்டு, குழாயைப் பிழிந்து பார்த்துச் சிரித்தான். "அக்கா, எந்தக் குழாயயும் நாங்க நம்புறதே இல்ல. காலி எண்ணெ கேன்ல கவுறு கட்டி வச்சுகினு கீறோம். ஆபீசருங்க வந்தா மட்டும் குழாய மாட்டினு போட்டோவுக்கு நிப்போம்."

பாலகணேஷ்மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

"அவன் யாவாரி, திருடுறான். நீ கடல்ல பூந்து ஆளத் தூக்குறவன். தெரிஞ்சே போட்டோவுக்குப் பல்லக் காட்டுறியே, த்தூ! கேன வச்சுகினு எத்தினி பேர சாவ வுட்ட?"

மாசானத்தின் சிரிப்பு நின்றது. "ரெண்டு பேரு," என்றான்.

மறுவாரம் லாரியில் சரக்கு வந்தது. கூடவே அதே அதிகாரி. பதினோரு காவலர்களும் வரிசையாக நின்றார்கள். மாசானம் ஒரு குழாயை அதிகாரியிடம் நீட்டினான். "வாங்கிக்கிறோம் சார். மொதல்ல நீங்க இத்த மாட்டினு அரை மணி நேரம் தண்ணில நில்லுங்க, கழுத்தளவு."

அதிகாரி ஷூவைக்கூடக் கழற்றவில்லை. வந்த லாரியிலேயே சரக்கு முழுக்கத் திரும்பிப் போனது.

பாலகணேஷுக்குத் தண்டனை எதுவும் இல்லை. அவர் அதைத் தலையணை என்று விற்றிருப்பார். ஃப்ளோரன்ஸைத் திரும்ப வரச் சொல்லி ஆள் அனுப்பினார். "அந்த மூஞ்சியப் பாத்துகினு தைக்கிறதுக்கு ஸ்கூல் பை தைக்கலாம்," என்று மாதவரத்தில் அந்த வேலைக்கே போய்விட்டாள்.

நான்கு மாதம் கழித்து வேறொரு கம்பெனியின் குழாய்கள் வந்தன. மாசானம் போன் செய்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பார்த்தாள்; ஓரத்தை இழுத்துப் பார்த்தாள்.

"தையல் கேவலமா கீது. ஃபோமு பரவால்ல. எடுத்துக்கோ."

மாசானம் ஒன்றை மாட்டிக்கொண்டு அலைக்குள் இறங்கினான். அவன் கரையேறும்வரை ஃப்ளோரன்ஸ் அங்கேயே நின்றாள்.