மூன்றாம் வகுப்பு ஜன்னலோரம்

கண்டியில் வெகுநேரம் நின்ற ரயில், வந்த வழியிலேயே திரும்பி ஓடுகிறது. நானுஓயாவுக்கு மூன்றாம் வகுப்புச் சீட்டு எடுத்திருக்கும் மதுரைக்காரன் நான். கொழும்புக்கே போகிறது என்று பதறி, பேராதனைச் சந்தியில் பையோடு குதித்து இறங்குகிறேன்.

பிளாட்பாரத்தில் நின்ற ஓர் அம்மா ஏறி, நான் விட்ட ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டுகிறார்.

"எங்க போகணும், தம்பி?"

"நானுஓயாங்க. இது கொழும்பு போகுதே?"

"ஐயோ, இதுதான் மலைக்குப் போற ரயில்! கண்டிக்குப் போயிட்டு இப்படித்தான் திரும்பி வரும். ஓடியாந்து ஏறுங்க!"

ஏறி, கம்பியைப் பிடித்தபடி மூச்சு வாங்குகிறேன். அவர் சோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துப் பிரிக்கிறார்.

"நல்லவேளை எறங்குனீங்க. இல்லாட்டி அட்டன் வரைக்கும் நான்ல நின்னுக்கிட்டுப் போயிருக்கணும்."