அப்பாவுக்கு வைத்த சுரைக்காய்க் கூட்டு

பதுளைக்கு ரயில் வருவதற்கு இரண்டு வருஷம் முந்தி, ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. அப்போது நான் கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில், கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. புத்தி இன்னும் தாண்டவில்லை என்பாள் என் மனைவி.

தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துத் தகரக் கூரைமேல் ஒரு சுரைக்கொடி ஏற்றியிருந்தேன். அதைப் பற்றி நான் அடித்த ஜம்பத்துக்கு அளவில்லை. ஸ்டோரிலோ, தண்ணீர் பிடிக்கிற பீலியடியிலோ, ஆள் கிடைத்தால் போதும், "நம்ம வீட்டுச் சுரைக்காய் தேன் மாதிரி இருக்கும்" என்று ஆரம்பித்துவிடுவேன். உண்மையில் அதில் ஒரு காயைக்கூட நான் தின்று பார்த்ததில்லை. முதல் காயை அப்பாவின் தெவசத்துக்கென்று விட்டுவைத்திருந்தேன். சுரைக்காய்க் கூட்டு என்றால் அவருக்கு உயிர்.

தெவசத்துக்கு அப்புத்தளைப் பக்கமிருந்து அக்கா வந்திருந்தாள். சடங்கு விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு. படையல் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது, உப்பு உறைப்பெல்லாம் கைக்கணக்குத்தான், முதல் வாய் இறந்தவருக்கு. இது எங்கள் வழக்கம். அக்கா அதற்கு மேலேயும் ஒரு படி போனாள்.

"நறுக்குற காய்கூட நாக்குல படக்கூடாதும்மா, தெரியுதா?"

"சரிங்க மதினி," என்றாள் என் மனைவி.

மற்ற நாளில் நறுக்கும்போதே ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பவள் அவள். அன்று பார்க்கவில்லை.

கூட்டு கொதித்து இறங்கியது. தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்ட வாசனை லயம் முழுக்கப் போனது. மனைவி குடத்தோடு பீலிக்குப் போனாள். அக்கா வாசலில் இலை துடைத்துக்கொண்டிருந்தாள். என் விரல் தானாகவே சட்டிக்குள் போனது. நான் சோம்பேறிதான், ஆனால் இந்த மாதிரிக் காரியங்களில் என் விரல் சுறுசுறுப்பு.

கசப்பு. சாதாரணக் கசப்பில்லை, அடித்தொண்டை வரைக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. இப்படிக் கசக்கிற பேய்ச்சுரையைத் தின்று வாந்தியும் பேதியுமாகக் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். வெளியே லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் படையல் சோற்றுக்காகக் காத்திருந்தார்கள்.

சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். சொன்னால், ஒனக்கு எப்படிடா தெரியும் என்று அக்கா கேட்பாளே. அப்பன் படையலை எச்சில் பண்ணினவன் என்று அப்புத்தளை வரைக்கும் என் பேர் நாறும். சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளைகள் கதி? இதற்கு நடுவில் என் வயிறு வேறு. நக்கினது ஒரு விரல் கூட்டு. அதற்குள் நானே என் நாடியைப் பிடித்துப் பார்த்தேன். இனிமேல் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே நாளில் தெவசம், எனக்குக் கூட்டு மட்டும் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுச் சாக வேண்டும் என்றுகூட நினைத்தேன்.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. கோடி வீட்டு ஆட்டை அவிழ்த்து அடுப்படியில் விட்டால் சட்டியைக் கவிழ்த்துவிடும், பழியும் ஆட்டோடு போகும். அவிழ்த்தேன். இழுத்தேன். அது நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. பின்னாலிருந்து தள்ளினேன். 'ஒங்க குடும்ப விஷயத்துல நான் எதுக்கு' என்பதுபோல ஒரு பார்வை பார்த்தது.

அதற்குள் அடுப்படியில் தடாலென்று ஒரு சத்தம். ஓடினேன். சட்டி உடைந்து, கூட்டு தரையெல்லாம் ஓடியிருந்தது. நடுவில் அக்கா நின்றாள்.

"கை தவறிடுச்சுடா," என்றாள்.

எனக்கு வந்த சிரிப்பை மறைக்கத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று அக்கா முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

தண்ணீர்க் குடத்தோடு வந்த மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "மாமாவுக்குன்னு பாத்துப் பாத்து செஞ்சேன். என் கையில என்ன குறையோ, அவர் ஏத்துக்கல," என்று அழுதாள். அவள் அழுதது நிஜ அழுகை. எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"ஒன் மேல ஒரு குறையும் இல்ல," என்றேன், அக்கா பக்கம் திரும்பாமல். "காய்தான் கசப்பு. நான் விரலை விட்டு நக்கிப் பாத்தேன்."

முதுகில் அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

"ஒரு விரலா?" என்று கேட்டாள் அக்கா.

"ஒரே ஒரு விரல்தான்க்கா."

"நான் ஒரு கரண்டி," என்றாள் அக்கா, மெதுவாக. "உப்பு இருக்குமோ இருக்காதோன்னு சந்தேகம் வந்துருச்சு. உப்பு கொறஞ்சா அப்பாவுக்கு எறங்காதுல்ல."

மனைவி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப என் நாக்குதான் தீட்டா மதினி?" என்று கோபமாகத்தான் ஆரம்பித்தாள், பாதியில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கொல்லையில் கிடந்த ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து பிளந்தாள். ஒரு துண்டு அக்காவுக்கு, ஒரு துண்டு எனக்கு, ஒரு துண்டு தனக்கு. மூன்று பேரும் நின்று மென்றோம். "இனிக்குது, போடு," என்றாள் அக்கா. படையல் தாமதமானதுதான். ஆனாலும் காகம் வந்தது, பிள்ளைகள் மறுபடி கேட்டு வாங்கித் தின்றார்கள். அக்காவும் நானும் சாயந்தரம் வரைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாறி மாறித் தேயிலைச் செடிப் பக்கம் போய் வந்தோம். வழியில் எதிர்ப்பட்டபோதெல்லாம் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

இப்போதெல்லாம் படையலுக்கு நறுக்குகிற காயானாலும் ஒரு துண்டு முதலில் எங்கள் நாக்குக்கு வந்துவிடுகிறது. அப்பா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. நாங்கள் சின்னப் பிள்ளைகளாயிருந்தபோது, சூடும் காரமும் தன் நாக்கில் பார்த்துவிட்டுத்தான் ஒவ்வொரு வாயையும் எங்களுக்கு ஊட்டினார் அவர். இப்போது அவருக்காகப் பார்த்துக் கொடுப்பது எங்கள் முறை என்று நினைத்துக்கொள்கிறேன்.