சிவப்புக் காருக்கு வெச்ச எலுமிச்சம்பழம்

எங்க வீட்டுக்காரர் ரெண்டே சீட்டு இருக்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வெச்சிருக்காருங்க. இந்த வயசுல எனக்கு வந்த சக்களத்தி அது. என் முட்டிவலிக்குத் தைலம் தேய்க்க நேரமில்லாதவர், அதைத் தினமும் துடைச்சுவிடுவார்.

போன மாசம், பிரேக் நல்லாப் பிடிக்கோணும்னு பிரேக் ஆயிலைத் தள்ளற மாஸ்டர் சிலிண்டரைப் பெருசா வாங்கி அவரே மாட்டினார். உடனே தனியா ஓட்டிப் பார்க்கக் கிளம்பிட்டார். எனக்குப் பொறுக்கலைங்க.

"ஏனுங்க, புதுச் சாமான் மாட்டியிருக்கீங்க, எலுமிச்சம்பழம் வெக்காமப் போகப்படாது"ன்னு டயருக்கடியில பழத்தை வெச்சுப்போட்டு, பக்கத்து சீட்டுல நானே ஏறி உட்கார்ந்துக்கிட்டேன்.

"காரு மேல உனக்கு என்ன பொறாமை அம்மணி!"ன்னு சிரிச்சுக்கிட்டே வண்டியை நகர்த்தினார். பழம் நசுங்கினதும் பிரேக்கை மிதிச்சார். பெடல் அடிவரைக்கும் போயிருச்சு, வண்டி நிக்கலை. வாசலுக்கு எதுத்தாப்பல களத்துல குவிச்சிருந்த தேங்காய் மட்டையில முட்டித்தான் நின்னுச்சு. ரோட்டுல இறங்கியிருந்தா என்ன ஆகியிருக்குமோ!

பிரேக் பைப்புல காத்து நின்னுபோச்சாமுங்க. "காத்தை எடுக்கறப்ப இன்னொருத்தர் பெடல் மிதிக்கோணும். நீ காரைக் கண்டாலே மொகத்தைத் திருப்பிக்குவ, எப்படிக் கூப்பிடறது?"ன்னார்.

இப்பல்லாம் காத்து எடுக்கறப்பப் பெடல் மிதிக்கறது நான்தாங்க. கேட்டைத் தாண்டறதுக்கு முந்தி வாசல்லயே பிரேக்கைப் பார்த்துக்கறோம். அந்தச் சக்களத்தியை நம்பி அவரைத் தனியா மட்டும் அனுப்பறதில்லை.