கைப்பேசிக்குள் பிரகாரம்

கிள்ளானில் எங்கள் முருகன் கோயில் குடமுழுக்குக்காக ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோதுதான் அவையெல்லாம் வெளியே வந்தன. ஒரு கண் போன மர மயில், ரயில் பாதை போட்ட ஆட்கள் செய்துவைத்த இரும்புக் காவடி, ஆள் உயரக் குத்துவிளக்கு. தூக்கிப் போட யாருக்கும் மனம் வரவில்லை. வைத்திருக்க இடமும் இல்லை. பிரகாரத்தில் வரிசையாக வைத்துப் படம்பிடித்து, கைப்பேசியிலேயே பார்க்கிற கண்காட்சியாகப் போட்டுவிடலாம் என்று கூட்டத்தில் முடிவானது.

மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டவள் நான். நோட்டீஸில் இருந்த 'மெய்நிகர் அருங்காட்சியகம்' இரண்டு முறை எழுத்துக்கூட்டிய பிறகுதான் வாயில் வந்தது. ஆனால் அன்றைக்கு என் அளவுக்குச் சந்தோஷப்பட்டவர் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். சாலாக் செலாத்தானில் இருக்கும் என் அக்கா, பக்கவாதம் வந்து மூன்று வருடமாகக் கட்டிலோடு கிடக்கிறாள். முன்பெல்லாம் வெள்ளிதோறும் கொமுட்டர் ரயில் ஏறி வந்து இந்தப் பிரகாரத்தை மூன்று சுற்றுச் சுற்றியவள். அவளை மறுபடியும் சுற்ற வைத்துவிடலாம்!

சுபாங் ஜெயாவிலிருந்து இந்த வேலை செய்கிற பெண் ஒருத்தி செலவுப் பட்டியலோடு வந்தாள். பொருள்களைப் படம்பிடித்து விளக்கம் போட ஒரு தொகை. நாமே நடந்து போவது போலப் பிரகாரம் முழுக்கச் சுற்றிக் காட்ட இன்னொரு தொகை. எங்கள் கையில் இருந்தது ஏழாயிரத்து ஒரு ரிங்கிட். கடைசியில் அந்த ஒன்று இல்லாமல் நாங்கள் எதையும் தொடங்குவதில்லை. கோயில் கமிட்டித் தலைவர் தம் பட்டியலை விரித்தார். முதல் வரியே அன்னதானம்: முந்நூறு பேர், மூவாயிரம் ரிங்கிட்.

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "அங்கிள், இது ஃபோன்ல பாக்கிறது. யாரும் வர மாட்டாங்களே?"

"வராட்டா என்னம்மா? தெறப்பு விழான்னா சாப்பாடு உண்டு லா. வெறும் வயித்தோட எந்தச் சாமி காரியமும் நடக்கிறதில்ல."

"அப்ப அந்த நடந்து பாக்கிறத கட் பண்ணணும், அங்கிள். பட்ஜெட் தாங்காது."

"கட் பண்ணு. படம் பாத்தா போதாதா?"

எனக்குக் கூட்டத்தில் எழுந்து பேசிப் பழக்கமில்லை. முருகா என்று எழுந்துவிட்டேன்.

"அண்ணே, சோத்த பொம்பளைங்க நாங்க பாத்துக்கிறோம். வீட்டுக்கு ஒரு சட்டி. பாயசம் என் வீட்டுலேர்ந்து. அந்த மூவாயிரத்த நடக்கிறதுக்குக் குடுங்க."

"முந்நூறு பேருக்குப் பாயசமா? ஒங்க வீட்டுச் சட்டி எவ்ளோ பெருசு?"

பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. சிரித்தபடியே ஒருவர் புளிசாதம் என்றார், இன்னொருவர் சுண்டல் என்றார். தலைவர் அரை மனதோடு அந்த முதல் வரியை அடித்தார். "சாமி குத்தம் வந்தா ஒங்க தலையிலதான், ஆமா."

ஒரு மாதம் கழித்துச் சோதனைக்கு லிங்க் வந்தது. கமிட்டி முழுக்கப் பார்த்து, மயில் அருமை, விளக்கு அருமை என்று எழுதினார்கள். நான் அன்றைக்கே சாலாக் செலாத்தானுக்கு ரயில் ஏறினேன். அக்காவைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்து, கைப்பேசியை முன்னால் பிடித்தேன். அவளுக்கு விளங்குகிற கை வலது கை. அம்புக்குறியைத் தொட்டாள். வாசல் நகர்ந்தது. இன்னொரு தொடல். சட்டென்று நெருப்பைத் தொட்டவள் போல விரலை இழுத்துக்கொண்டாள்.

"என்னடி இது, சாமி எடது கைப்பக்கம் வர்றாரு? என்னைய அப்பிரதட்சணமா சுத்த வைக்கிறியா?"

சாமி வலது கைப்பக்கம் இருக்க வலம் வருவதுதானே முறை! மயிலையும் விளக்கையும் பார்த்த நாங்கள் எத்தனையோ பேர், எந்தப் பக்கமாக நடக்கிறோம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. மறுபடி படம் எடுக்கப் பணம் ஏது? பயந்துகொண்டே அந்தப் பெண்ணுக்கு ஃபோன் போட்டேன்.

"ஐயோ ஆன்டி, சாரி, சாரி! வெளிச்சம் நல்லா இருந்த பக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சிட்டேன். மறுபடி எடுக்க வேணாம், வழிய மட்டும் திருப்பிப் போட்டுர்றேன். காசெல்லாம் வேணாம் ஆன்டி. பத்து நிமிஷம் குடுங்க."

அந்தப் பத்து நிமிடமும் இரண்டு பேரும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அக்கா புறப்பட்டாள். குத்துவிளக்கிடம் நின்றாள். மயிலிடம் நின்று, "இதுக்குக் கண்ணு எப்படி போச்சு?" என்றாள். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. நெற்றியெல்லாம் வியர்வை, நிஜமாகவே நடந்தவள் போல. கொடிமரம் வந்ததும் கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடினாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

கண்ணைத் திறந்தவள் உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள். "சுத்தி வந்தாச்சு. பிரசாதம் எங்கடி?"

என் பையில் குடையைத் தவிர ஒன்றுமில்லை. அங்கேயிருந்தே தலைவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, வீட்டுலேர்ந்து பாக்கிறவங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் குடுக்கணும். பட்ஜெட்ல ஒரு வரி சேருங்க."

"பாத்தீங்களா! நான் மொத நாளே என்ன சொன்னேன்?" அவர் குரலில் இருந்த குஷியைக் கேட்க வேண்டுமே. "சரி, எத்தன பேரு?"

"இன்னும் தெரியலண்ணே. மொதல்ல எங்கக்கா பேர எழுதுங்க."