நால்வருக்கு ஒரு கம்பி

ஒரே கம்பியைப் பலர் பங்கிட்டுப் பேசிய அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு, அந்த உத்தியோகத்தின் பெரும்பகுதி வாயை மூடிக்கொண்டிருப்பதே என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆசிரியனாவதற்கு முன், அறுபதுகளின் தொடக்கத்தில், வாவியின் மேற்குக் கரையில் ஒரு நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். குளத்து மதகிலிருந்து மண்டூர்ப் பக்கத்துக் கடைமடை வரை ஓர் இரும்புக் கம்பி. அதில் நான்கு தொலைபேசிகள். மதகில் காவலாளி அலியார், அலுவலகத்தில் நான், சாமான் களஞ்சியத்தில் பொறுப்பாளர் சின்னையா, கடைமடையில், வட்டை எனப்படும் அங்குள்ள வயல்வெளியின் தண்ணீருக்குப் பொறுப்பான வட்டைவிதானை தம்பிமுத்து. கைபிடியை எவர் சுழற்றினாலும் நான்கு இடத்திலும் மணி அடிக்கும். எவர் பேசினாலும் நால்வருக்கும் கேட்கும். இருவர் ஒன்றாகப் பேசினால் ஒருவருக்கும் விளங்காது. இத்தகைய கம்பியில் அல்லற்பட்ட அன்பர்கள் கீழ்வருவனவற்றை நம்புவார்கள், மற்றையோர் பொறுத்தருள்க.

முதலில் காது

எங்கள் அலுவலக மேற்பார்வையாளரான ஓவசியர் சவரிமுத்து இட்ட முதல் விதி எளியது. குழலை எடுத்ததும் சற்றுக் கேட்க வேண்டும். கம்பியில் எவரும் இல்லையெனின் மட்டுமே கைபிடியைச் சுழற்ற வேண்டும். சின்னையாவோ, சீமெந்து லொறி புறப்பட்டுவிட்டதா என்பதை நாளுக்குப் பலமுறை அறிய விரும்புபவர். ஒருநாள் அலியார் எனக்குக் குளத்தின் நீர்மட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கையில், சின்னையா குழலை எடுக்காமலே கைபிடியைச் சுழற்றினார். அது பேசுபவரின் காதில் எவ்வாறு பாயும் என்பதை அனுபவித்தவர் அறிவர். நான் குழலை மேசையில் போட்டுவிட்டேன். அலியார் போடவில்லை, மணி ஓயும்வரை காத்திருந்து, குரல் மாறாமல் சொன்னார்:

“கிளாக்கர் ஐயா, இந்தக் காது முடிஞ்சுது. மறுகா மற்றக் காதில வச்சுப் பேசுறன்.”

மரியாதையின் விளைவு

எல்லாரும் விதியைக் கைக்கொண்ட பின்னரும் மோதல் ஒழியவில்லை. கம்பி வெறுமையாக இருப்பதை இருவர் ஒரே கணத்தில் அறிந்தால், இருவரும் ஒரே கணத்திற்றான் தொடங்குவார்கள். மழையில்லாத சிறுபோகக் காலம், குளத்து நீரை முறை வைத்தே விடுவார்கள். முறைத் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்க விதானையார் குழலை எடுத்தார். அதைச் சொல்வதற்கென்றே அலியாரும் எடுத்தார். இரைச்சல். இருவரும் நிறுத்தினர். முதலில் நீங்கள் பேசுங்கள் என்று இருவரும் ஒன்றாகவே கூறினர். குழலை வைத்தனர். சம அளவு மரியாதையுடன் சம அளவு நேரம் காத்திருந்து மீண்டும் ஒன்றாகவே எடுத்தனர். சமரசம் செய்யப் புகுந்த நான் மூன்றாவது இரைச்சல் ஆனேன்.

மறுநாள் விதானையார் நேரிலேயே வந்து, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார்:

“ரெண்டு பேரும் மரியாதக்காரர்தான் ஐயா. வட்டைதான் காயுது.”

புளியங்கொட்டை

மோதினால் யார் முதலில் பேசுவது என்பதற்கு ஒரு நிரந்தர வரிசை வகுக்கலாம் என்று நான் ஓவசியருக்கு யோசனை கூறினேன்: மதகு, அலுவலகம், களஞ்சியம், கடைமடை. அவர் ஏற்கவில்லை. கடைமடைக்குத் தண்ணீர் கடைசியில் வருவது போதாதென்று, பேச்சும் கடைசியில் வர வேண்டுமா என்றார். எல்லாரும் ஒரே அளவு காத்திருந்தால் மீண்டும் மோதுவார்கள் என்பதையும் கண்டுவிட்டோம். ஆகவே ஒவ்வொரு தொலைபேசிக்கருகிலும் ஒரு சட்டி நிறையப் புளியங்கொட்டை வைப்பித்தார். மோதினால் குழலை வைத்துவிட்டு, பாராமல் ஒரு பிடி அள்ளி, ஒவ்வொன்றாகச் சிரட்டையில் போட வேண்டும். முடிந்த பிறகே குழலை எடுக்கலாம். மறுபடி மோதினால் இரண்டு பிடி. அதன் பின்னும் மோதினால் நான்கு. யாருக்கு எத்தனை கொட்டை வரும் என்பது எவருக்கும் தெரியாதே என்று நான் குறைப்பட்டேன். ஓவசியர் சொன்னார்:

“அதுதான் தம்பி நல்லது. கைக்கு ஆளைத் தெரியாது.”

விதானையார் கை

இரு வாரம் மோதல்கள் விரைவில் தீர்ந்தன. ஆனால் சின்னையாவும் விதானையாரும் மோதிய போதெல்லாம் லொறியைப் பற்றிய கேள்வியே முதலில் வந்தது. சின்னையா குறைத்து அள்ளிக் கள்ளம் செய்கிறார் என்று நான் ஐயுற்றேன். களஞ்சியத்துக்குப் போய்ப் பார்த்தேன், அவர் நேர்மையாகவே அள்ளினார். அலுவலகம் வந்த விதானையார் எங்கள் சட்டிக்குள் கையை விட்டு எடுத்தார். சட்டியில் பள்ளம் விழுந்தது.

“மம்பட்டி பிடிச்ச கை ஐயா. சுருக்கச் சொன்னாலும் சுருங்காது.”

பொன்னம்மாவின் பிடி

கடைமடை நெல், கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் திரளும் குடலைப் பருவத்தில் இருந்தது. முறைத் தண்ணீரின் இறுதி நாள். பொழுது சாய்கையில் மதகை மூட வேண்டும். அன்று நண்டு வளையால் வரம்பு உடைந்து, கடைமடைக்கு வந்த தண்ணீர் வீணாக வாவிக்குப் போய்விட்டது. உடைப்பை அடைத்தாயிற்று, மதகை மறுநாள் வரை திறந்து வைக்கச் சொல்ல வேண்டும். தவறினால் அடுத்த முறை வருவதற்குள் பயிர் மணி பிடிக்காமல் சப்பியாகும். அன்றே சின்னையாவின் லொறியும் வழியில் நின்றுவிட்டது.

முதல் மோதல், ஒரு பிடி. விதானையார் கொட்டைகளைப் போட்டு முடிக்குமுன் சின்னையா என்னுடன் பேசத் தொடங்கிவிட்டார். அவர் முடித்துவிட்டு, விட்டதொன்றைக் கேட்க உடனே மீண்டும் எடுக்க, மறுபடி மோதல், இரண்டு பிடி. மீண்டும் லொறி. இரைச்சலில் எதிரே மோதுபவர் யார் என்று எனக்கு விளங்கவில்லை. மூன்றாம் மோதலின்போது, விதானையாரைச் சூழ்ந்து வயற்காரர் நிற்க, அவர் நான்கு பிடிக்காகச் சட்டியில் கையை வைத்தாராம். அவருடைய மனைவி பொன்னம்மா அந்தக் கையைத் தள்ளிவிட்டு, தம் சிறிய கையால் நான்கு முறை அள்ளிப் போட்டுவிட்டு, குழலைத் தாமே எடுத்தார்.

அவர் மதகைக் கூப்பிட்டதை நான்கு இடத்திலும் கேட்டோம். உத்தரவின்றித் திறந்து வைக்க இயலாதே என்று அலியார் தயங்கினார். எனக்கருகில் நின்ற ஓவசியர் என் கைக் குழலை வாங்கி உத்தரவிட்டார். மதகு திறந்தே இருந்தது. விதானையார் அள்ள வேண்டியதை வேறொருவர் அள்ளியது விதிமீறல் அல்லவா என்று சின்னையா கம்பியிலேயே முறையிட்டார். ஓவசியர் பதில் சொல்ல வாயெடுக்குமுன் பொன்னம்மா சொன்னார்:

“லொறி நிண்டா நாளைக்கும் நிக்கும் தம்பி. நெல்லு நிக்காது. குழல வைங்க.”

நெல் விளைந்தது, நானும் ஆசிரியனாகி, வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் விடை சொன்ன முதல் நாளன்று, பிரம்பைத் தேடுமுன் புளியங்கொட்டைச் சட்டியையே தேடினேன்.